வேலியும் பயிரும்: நிர்ப்பீடனக் கொள்கையின் வரலாற்றில் ஓர் அரைநூற்றாண்டு

ஒரு சொல்லின் வரலாறு அச்சொல் சுட்டும் கருத்தின் வரலாற்றுக்கு வாயிலாக அமைவதுண்டு. உடல் நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என வழங்குகின்றன. பீடனம் அற்ற நிலை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'இம்மியூனிற்றி' என்னும் சொல்லின் மூலமோ மருத்துவத்துக்கு உரியதன்று. அரசுக்கு இறுக்கவேண்டிய வரியினின்றும் ஆற்றவேண்டிய ஊழியத்தினின்றும் விலக்களிக்கப்பட்டோரின் உரிமையைக் குறித்து உரோமர் வழங்கிய சட்டச்சொல் அது. சோழர் கல்வெட்டுக்களிற் பயிலும் 'இறையிலி' என்னும் வழக்கை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம். நோய்க்கு இறை செலுத்தவேண்டாதவன் எவனோ அவனே நிர்ப்பீடனம் உடையவன். ஆகவே, தொடக்கத்திலிருந்தே இச்சொல்லில் நன்மையன்றி வேறொன்றும் தொனிக்கவில்லை. காக்கும் ஆற்றலே நோய்க்குக் காரணமாதலும் கூடுமோ என்னும் வினாவுக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவ்வினா இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே தெளிவாக எழுப்பப்பட்டது. விடையும் ஓரளவு கிடைத்தது. பின்னர் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் அது மூடிவைக்கப்பட்டது. அவ்வாறு மூடப்பட்டமைக்கு அறியாமை மாத்திரம் காரணமன்று என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படுவது.

கி.மு. 430 இல் ஏதென்சு நகரைத் தாக்கிய கொள்ளைநோயை விவரித்த துசிடிடீசு, அந்நோயிற் பிழைத்தோரை அது மீண்டும் கொல்லும் அளவுக்குத் தாக்கவில்லை என்று குறித்துள்ளார். தாமும் அந்நோய்க்கு ஆளாகித் தப்பியவர் அவர். இவ்வனுபவ அறிவு செயலாக உருப்பெற்றது 1796 மே 14 ஆந் திகதியிலாகும். அன்று எட்வேட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலே தோன்றியிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். 1802 இல் அம்மைப்பால் குத்தும் வழக்கம் இலங்கைக்கும் வந்துவிட்டது. 1885 இல் லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்கு ஊசிமருந்து கண்டார். 1890 இல் எமில் வொன் பேரிங், ஷிபாசபுரோ கிற்றசாற்றோ ஆகிய இருவரும், ஏற்புவலியின் நஞ்சைச் சிறுகச் சிறுகப் பெற்ற விலங்கின் குருதி நீர்ப்பாயத்திலே அந்நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று உண்டாவதைக் காட்டினர். தொண்டைக்கரப்பனுக்கும் இவ்வாறே முறிநஞ்சு கிடைத்தது. பிறபொருளெதிரி எனப்படுவது இதுவே. குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்பட்ட நீர்ப்பாயம், மூச்சடைத்து மாளும் நிலையிலிருந்த குழந்தைகளை மீட்டது. 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங்குக்கு வழங்கப்பட்டமை வியப்பன்று.

இக்காலத்து எழுத்துக்களை நோக்குவோர் அவற்றிற் போர்க்களச் சொற்கள் மலிந்திருத்தலைக் காண்பர். 1882 இல் மெசீனாக் கடற்கரையிலே நட்சத்திரமீனின் இளம்பருவ உயிரியின் உடலில் முள்ளைக் குத்தி, அம்முள்ளைச் சூழ்ந்துகொள்ளும் கலங்களைக் கண்ட எலி மெச்னிகோப், அவற்றை உடலின் காவற்படையாகவே எண்ணினார். படையெடுப்பு, அரண், வெற்றி என்னும் சொற்கள் ஆய்வுகூடத்திலும் அரசவையிலும் ஒருங்கே ஒலித்த காலம் அது. தன் அரணையே தகர்க்கும் படை ஒன்றைக் கற்பனை செய்ய அக்காலத்தவர்க்கு மனம் வரவில்லை போலும்.

ஆயினும், வெற்றிகளின் நடுவிலே நிழல்கள் விழத் தொடங்கின. 1890 இல் ரொபேட் கொக் சயரோகத்துக்கு மருந்தென அறிவித்த ரியூபகுலின் நோயைத் தீர்க்கவில்லை. மாறாக, ஊசி ஏற்றப்பட்ட நோயாளர் பலர்க்குக் கடுங்காய்ச்சலையும் சிலர்க்கு மரணத்தையும் விளைவித்தது. நோயில்லாதவரை ஏறத்தாழ ஒன்றும் செய்யாத பொருள் நோயுள்ளவரை மாத்திரம் இவ்வாறு வருத்தியது ஏன் என்பது அப்போது விளங்கவில்லை.

1901 இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேட்டின் கப்பலிற் பயணஞ்செய்த சார்ள் றிஷே, போல் போர்த்தியே ஆகியோர், இழுதுமீனை ஒத்த கடலுயிரி ஒன்றின் நஞ்சை ஆராயத் தலைப்பட்டனர். பாரிசுக்கு மீண்டபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். நாய்களுக்குச் சிறிதளவு நஞ்சை ஏற்றிப் பழக்கினால் அவை பின்னர் அதனைத் தாங்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. முதன்முறை ஏற்றியதை எளிதிற் தாங்கிய நெப்டியூன் என்னும் நாய், சில வாரங்களின் பின் அதேயளவு ஏற்றப்பட்டதும் அரைமணி நேரத்துக்குள் இறந்துபட்டது. காப்புக்கு எதிரான நிலை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றை றிஷே இதற்கென ஆக்கினார். 1913 இல் இதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

ஆய்வுகூடத்து நாயைவிட மருத்துவமனைக் குழந்தையே இவ்வரலாற்றில் மிகுதியும் கற்பித்தது எனலாம். வியன்னாவிலே குழந்தை வைத்தியர்களாயிருந்த கிளெமென்ஸ் வொன் பிர்க்கே, பேலா ஷிக் ஆகியோர், குதிரை நீர்ப்பாயம் ஏற்றப்பட்ட குழந்தைகளுட் பலர் எட்டு முதற் பன்னிரண்டு நாட்களின் பின் காய்ச்சல், மூட்டுநோ, காஞ்சொறி பட்டாற்போன்ற தடிப்பு ஆகியவற்றால் வருந்துவதை நாட்கணக்காகக் குறித்துவந்தனர். நீர்ப்பாயம் நஞ்சாயின் உடனே வருத்த வேண்டுமன்றோ? பத்து நாள் அது ஏன் காத்திருந்தது? இரண்டாம் முறை ஏற்றியபோது அவ்விடைவெளி ஏன் சில மணிகளாகவோ ஓரிரு நாட்களாகவோ சுருங்கியது? இவ்வினாக்களுக்கு அவர்கள் கண்ட விடை இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிகக் கூரிய சிந்தனைகளுள் ஒன்றாகும். அந்த இடைவெளி, உடல் பிறபொருளெதிரியை ஆக்குவதற்கு எடுக்கும் காலம். குழந்தையை வருத்துவது குதிரையின் குருதியன்று. அதனைக் குழந்தையின் உடல் எதிர்கொள்ளும் முறையே. 1905 இல் இதனை நூலாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், காப்பையும் கேட்டையும் ஒருங்கே அடக்கும் பொதுச்சொல்லாக, மாறிய எதிர்வினை என்னும் பொருளில் 'அலர்ஜி' என்ற சொல்லைப் பிர்க்கே ஆக்கினார். இன்று அச்சொல் இறால் ஒவ்வாமைக்கும் தூசித் தும்மலுக்கும் சுருங்கிவிட்டது. அவர் கருதியது அதனினும் மிகப் பெரிது.

இவையாவும் உடல் அந்நியப் பொருளை எதிர்க்கும்போது நேரும் விபத்துக்கள். உடல் தன்னையே எதிர்க்குமா என்பது அடுத்த வினா. இவ்வினாவை முறையாக ஆராய்ந்தவர் பிராங்பேட்டிலே பணியாற்றிய போல் ஏர்லிச். 1900 ஆம் ஆண்டளவில் அவரும் உதவியாளர் யூலியஸ் மோர்கென்றொத்தும் வெள்ளாடுகளுக்குப் பிற ஆடுகளின் குருதியை ஏற்றினர். பிற ஆடுகளின் செங்குழியங்களை அழிக்கும் பொருள்கள் அவற்றின் குருதியில் உண்டாயின. தன் செங்குழியத்தை அழிக்கும் பொருள் எந்த ஆட்டிலும் உண்டாகவில்லை. தன்னையே நஞ்சூட்டுதற்கு உடல் கொள்ளும் அச்சம் என்று பொருள்படும் இலத்தீன்–கிரேக்கக் கலப்புத் தொடரொன்றை ஏர்லிச் இதற்குச் சூட்டினார்.

ஏர்லிச் எழுதியது ஒன்று. அவரைப் படித்தோர் கொண்டது வேறொன்று. தன்னெதிரிகள் உண்டாதல் இயலாது என அவர் விதி செய்யவில்லை. அவை தீங்கிழைக்காவண்ணம் தடுக்கும் ஒழுங்கமைப்பு ஏதோ உடலுக்குள் இருத்தல் வேண்டும் என்றார். அவ்வமைப்புப் பழுதடைதல் சில நோய்களுக்கு விளக்கமாகலாம் என்பதையும் அவர் கருத்திற் கொண்டிருந்தார். ஆனால் நூல்வழியாகவும் விரிவுரைவழியாகவும் அடுத்த தலைமுறைக்குச் சென்றது அந்தக் கவர்ச்சியான தொடர் மாத்திரமே. அச்சம் என்பது தடை என்றாகி, தடை என்பது இயலாமை என்றாயிற்று. மூலத்தை விட்டு உரையைப் படிக்கும் வழக்கம் இலக்கண மாணவர்க்கு மாத்திரம் உரியதன்று.

இதிலும் விந்தை யாதெனில், மறுப்புச் சான்று உடனேயே கிடைத்தமை. 1904 இல் வியன்னாவிலே யூலியஸ் டொனாத், கார்ள் லான்ட்ஸ்ரைனர் ஆகியோர், குளிர் பட்டதும் சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும் நோயாளரின் குருதியை ஆராய்ந்தனர். அந்நோயாளரின் நீர்ப்பாயத்தோடு அவரின் செங்குழியங்களையே சேர்த்துக் குளிரவைத்துப் பின் சூடாக்கியபோது குழியங்கள் அழிந்தன. தன் குருதியைத் தானே அழிக்கும் பிறபொருளெதிரி கண்ணாடிக் குழாயிலே கண்முன் நின்றது. எனினும், அந்நோய் அரியது, பெரும்பாலும் மேகநோய் உற்றோரிடம் காணப்படுவது என்ற காரணங்களால் அது விதிவிலக்காக ஒதுக்கப்பட்டது.

மேகநோயைக் கண்டறிய 1906 இல் அறிமுகமான வாசர்மன் சோதனையின் கதை இதனினும் வியப்புக்குரியது. மேகநோய்க் கிருமிக்கு எதிரான பொருளை அச்சோதனை காட்டுவதாக முதலில் நம்பப்பட்டது. கிருமியே இல்லாத மாட்டிதயச் சாற்றைக் கொண்டும் அதே முடிவு கிடைப்பது விரைவில் வெளிப்பட்டது. நோயாளரின் குருதியில் இருந்தது உடலிழையத்துக்கு எதிரான தன்னெதிரியாகலாம் என 1909 இல் வைல், பிறவுண் என்போர் எழுதினர். யாரும் பொருட்படுத்தவில்லை. இதன் விளைவாக, உலகெங்கும் ஆய்வுகூடங்கள் பல்லாண்டுக் காலம் நாள்தோறும் தன்னெதிரியைக் குழாயிற் கண்டுகொண்டே, தன்னெதிரி என்று ஒன்று இல்லை என்றும் கற்பித்துவந்தன.

இம்மௌனத்துக்கு ஏர்லிச்சின் தொடரை மாத்திரம் காரணங்காட்டுதல் பொருந்தாது. முதலாம் உலகப்போரின் பின் இத்துறை மருத்துவரிடமிருந்து இரசாயனவியலாரிடம் கைமாறிற்று. பிறபொருளெதிரியின் அமைப்பென்ன, அது தன் இலக்கை எவ்வாறு இனங்காண்கின்றது என்பனவே கேள்விகளாயின. லான்ட்ஸ்ரைனர்தாமும் செயற்கை இரசாயனப் பொருள்களைக் கொண்டு அவ்வழியிலேயே பெரும்பணி ஆற்றினார். அப்பணி வீணன்று. ஆனால் குழாயிலே தெளிவைத் தேடியோர்க்கு நோயாளியின் கட்டிலருகே நிற்கும் தேவை குறைந்துபோயிற்று. வியன்னாக் குழந்தைகளின் காய்ச்சலை நாட்குறிப்பாக எழுதிய கண்கள் அத்துறையில் அருகிவிட்டன.

கட்டிலருகே நின்றோர் கண்டதைக் கூற அவர்களிடம் கொள்கை இருக்கவில்லை. பாஸ்டரின் ஊசிமருந்து முயலின் முண்ணாணிலிருந்து செய்யப்பட்டது. 1911 இல் கசௌலியிலே டேவிட் செம்பிள் செம்மைப்படுத்திய மருந்து ஆட்டின் மூளையிலிருந்து ஆக்கப்பட்டது. விசர்நாய் கடித்தோர்க்குக் கொப்பூழைச் சுற்றி நாளுக்கொன்றாக ஏற்றப்பட்ட ஊசிகளைப் பற்றிய அச்சம் இன்றும் ஊர்ப்பெரியோர் பேச்சில் உண்டு. அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அதனைப் பெற்றோருள் ஒரு சிறு தொகையினர் விசர்நோய் இன்றியே கைகால் முடங்கினர். மருந்திற் கிருமி எஞ்சியிருந்ததோ என்றே பலரும் ஐயுற்றனர். 1933 இல் நியூயோர்க்கிலே தொமஸ் றிவேர்ஸ் குழுவினர், கிருமி எதுவுமற்ற முயல்மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றி அதே முடக்கத்தை உண்டாக்கிக் காட்டினர். அந்நிய மூளைக்கு எதிராக எழுந்த எதிர்வினை சொந்த மூளையையும் தாக்கியது என்பதே இதன் பொருள். இன்று விசர்நாய்க்கடிக்கு ஏற்றப்படும் மருந்து வளர்ப்புக் கலங்களிலிருந்து செய்யப்படுவது; அதில் மூளையிழையம் இல்லை. எனினும் ஆட்டுமூளை மருந்து இந்தியாவில் இருபத்தோராம் நூற்றாண்டின் முதலாண்டுகள் வரை வழக்கிலிருந்தது.

1950 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே வில்லியம் ஹரிங்ரன் என்னும் இளம் வைத்தியர், குருதிச் சிறுதட்டுக்கள் அருகித் தோலெங்கும் குருதி கசியும் நோயால் வருந்திய பெண்ணொருத்தியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துள் அவரின் சிறுதட்டுக்கள் ஏறத்தாழ முற்றாக மறைந்தன. அவருக்கு வலிப்பும் கண்டது. நல்வாய்ப்பாக ஒரு வாரமளவிற் குணமடைந்தார். நோயை உண்டாக்கும் பொருள் அக்குருதியிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. துணிவு என்பதா, மடமை என்பதா எனத் தீர்மானித்தல் எளிதன்று. இன்றைய ஒழுக்கநெறிக் குழு எதுவும் இதற்கு இணங்காது.

மௌனம் கலைந்தது கழுத்துக் கழலை ஒன்றினாலாகும். 1912 இல் யப்பானின் கியூஷூவைச் சேர்ந்த ஹகாரு ஹஷிமோற்றோ என்னும் இளம் சத்திரவைத்தியர், நான்கு பெண்களின் தைரொயிட்டுச் சுரப்பிகளில் வெண்குழியங்கள் திரண்டு நிறைந்திருத்தலை ஜேர்மன் சஞ்சிகை ஒன்றில் விவரித்தார். பின்னர் சொந்த ஊருக்கு மீண்டு வைத்தியம் பார்த்து, 1934 இல் நெருப்புக்காய்ச்சலால் இறந்தார். வெண்குழியங்கள் அங்கே ஏன் திரண்டன என்று கேட்பாரில்லை. இடைப்பட்ட காலத்திலே, புற்றுநோயென ஐயுற்றுக் கழுத்து அறுக்கப்பட்ட பெண்கள் பலர்.

இதனை விளக்கியோருள் ஒருவர் ஏர்லிச்சின் மரபிலேயே பயின்றவர் என்பது வரலாற்றின் குறும்பு. ஏர்லிச்சின் உதவியாளராயிருந்த ஹான்ஸ் சக்ஸிடம் பயின்ற ஏர்ணெஸ்ற் விற்றெப்ஸ்கி, நாசியர் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு நீங்கி அமெரிக்காவின் பபலோ நகரிற் குடியேறியவர். அவரின் ஆய்வுகூடத்திலே நோயல் றோஸ் என்னும் இளைஞர், முயலின் தைரொயிட்டுச் சாற்றை முயலுக்கே ஏற்றியபோது எதிரிகள் தோன்றுவதைக் கண்டார். முயல் ஒன்றின் சுரப்பியிற் பாதியை அகற்றி அதன் சாற்றை அம்முயலுக்கே ஏற்றியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. எஞ்சிய பாதியிலே ஹஷிமோற்றோ விவரித்தது போன்று வெண்குழியங்கள் திரண்டன. ஆசிரியரோ தம் மரபுக்கு மாறான இம்முடிவைப் பலமுறை சோதித்துப் பார்க்காது வெளியிட இணங்கவில்லை. 1956 இலேயே அது அச்சேறியது. அதே ஆண்டில் இலண்டனிலே டெபோரா டொனியாக், ஐவன் றொயிற், பீற்றர் கம்பல் முதலியோர் ஹஷிமோற்றோ நோயாளரின் குருதியில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டறிந்தனர். கழலை அகற்றப்பட்டபின் நோயாளரின் குருதியிற் குளோபியூலின் அளவு குறைவதை டொனியாக் கவனித்திருந்தமையே அதற்கு வழிகாட்டியது. மீண்டும் கட்டிலருகே நின்ற கண்களே துணைசெய்தன.

அணை உடைந்தபின் வெள்ளம் விரைந்தது. 1957 இல் அவுஸ்திரேலியரான மக்பார்லன் பேர்ணற், தன்னைத் தாக்கும் கலவழிகள் முளையிலேயே களையப்படுகின்றன என்றும், களையப்படாது தப்பியவை நோய்க்குக் காரணமாகின்றன என்றும் கொள்கை வகுத்தார். மூட்டுவாதம் பற்றிய சிந்தனை மாறியது. தொண்டைநோவு ஆறி இரண்டு மூன்று வாரங்களின் பின் பிள்ளைகளுக்கு வரும் வாதக்காய்ச்சல் இதயவால்வைப் பழுதாக்குவது, கிருமி அங்கே குடிபுகுந்தமையாலன்று. கிருமிக்கென எழுந்த எதிர்வினை அதனை ஒத்த இதய இழையத்தையும் தாக்குவதாலென்பது தெளிவாயிற்று. பிர்க்கே கணித்த அதே காத்திருப்புக் காலம் இங்கும் காணப்படுதல் நோக்கற்பாலது. 1967 அளவிலே தொய்வுக்கும் தும்மலுக்கும் காரணமான தனிவகைப் பிறபொருளெதிரி இனங்காணப்பட்டது. 1974 இல் டொனியாக் குழுவினர் சலரோகத்தின் ஒருவகையில், இன்சுலினைச் சுரக்கும் கலத்திட்டுக்களுக்கு எதிரான தன்னெதிரிகளைக் காட்டினர். இளமையில் வரும் சலரோகம் உணவின் குற்றமன்று, உடலின் காவலிற் பிறந்த குற்றம் என்பது அதன்பின் வலுப்பெற்றது.

ஏர்லிச் சுட்டிய ஒழுங்கமைப்பு யாது என்பது மட்டும் எஞ்சியிருந்தது. 1970 களில், பிற கலங்களை அடக்கும் கலங்கள் உண்டென்ற கொள்கை பரவிற்று. அடுத்த பத்தாண்டில் அதன் சான்றுகள் சில பொய்த்தன; அதனை நாடுவதே இழுக்கெனக் கருதப்பட்டது. மௌனம் மறுமுறையும் சூழ்ந்தது எனலாம். யப்பானியரான ஷிமோன் சகாகுச்சி அதனுள்ளும் தேடலை விடாது, 1995 இல் அத்தகைய கலங்களை அடையாளத்தோடு காட்டினார். அமெரிக்காவிலே மேரி பிறங்கோ, பிறெட் றாம்ஸ்டெல் ஆகியோர், பிறவியிலேயே தோல் செதிளாகி இளமையில் மாளும் சுண்டெலி இனமொன்றின் பழுதான மரபணுவை 2001 இல் இனங்கண்டனர். அக்காவற்கலங்கள் உருவாவதற்கு அம்மரபணு இன்றியமையாதது என்பது சில ஆண்டுகளிற் தெளிவாயிற்று. மூவரும் 2025 இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிலும் அம்மரபணு பழுதாதல் உண்டு. அப்பழுதோடு பிறக்கும் ஆண்குழந்தைகளுக்குப் பிறந்து சில வாரங்களுக்குள்ளேயே சலரோகம் காணலாம். தைரொயிட்டும் குடலும் தாக்கப்படும். வேறொருவரின் என்புமச்சையைப் பெற்றாலன்றிப் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்வதில்லை.